தீண்ட அஞ்சிய நோயும் தீண்டிய வைத்தியரும்

ஒரு சமுதாயத்தின் சரித்திரத்தை அரசர்களைக் கொண்டும் போர்களைக் கொண்டும் எழுதுவது நெடுநாள் வழக்கம். அதை நோய்களைக் கொண்டும் எழுதலாம். கொடியதொரு நோய் வந்தபோது யார் விலகி ஓடினார்கள், யார் அருகிற் சென்றார்கள், யாருக்கு மருந்து கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தால், மற்றைய ஏடுகள் சொல்லாத பல செய்திகள் வெளிப்படும். இக்காலத்தில் அவ்வாறு மனித குலத்தின் நெஞ்சைச் சோதித்த நோய் எய்ட்ஸ் என்பதாகும். அந்நோய்க்கு வைத்தியம் செய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட வைத்தியர்கள் எவ்வாறு தோன்றினார்கள், அவர்களுடைய வரலாறு பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு என்ன கூறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு வந்த மருத்துவம்

முதலில் நம் மலைகளுக்கு மேனாட்டு மருத்துவம் வந்த வழியைப் பார்ப்போம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப்பாதையிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். தப்பி வந்தோர் குளிரிலும் மழையிலும் பனியிலும் உழைத்தனர். அவர்கள் நோயுற்றால் கவனிப்பதற்கு ஆரம்ப காலத்தில் முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

1869ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியிலே கோப்பிச் செடியின் இலையில் ஒரு நோய் காணப்பட்டது. செம்மஞ்சள் நிறமான துரு போலப் படர்ந்த அந்தப் பூஞ்சண நோய் சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழிலையே அழித்துவிட்டது. அந்த இலை நோயை ஆராய்வதற்காக 1880இல் இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்னும் நிபுணர் வரவழைக்கப்பட்டார். செடிக்கு வந்த நோய்க்குக் கடல் கடந்து நிபுணர் வந்த அக்காலத்தில், அந்தச் செடியைப் பராமரித்த மனிதனுக்கு வந்த நோயை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பே.

அக்கேள்விக்கு அரசாங்கம் சட்டத்தின் மூலம் விடை கூற முயன்றது. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைச் சட்டம் இயற்றப்பட்டது. அது திருப்தியாக நடைபெறாமையால் பின்னர் திருத்தங்கள் செய்யப்பட்டன. 1912இல் மீண்டும் விரிவான சட்டங்கள் வந்தன. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளரைக் கவனித்தல் முதலியவை தோட்டத்துரையின் கடமைகளாக்கப்பட்டன. இவற்றின் பயனாகத் தோட்டத்து மருந்துச்சாலையும், டிஸ்பென்சரும், பின்னர் மருத்துவிச்சியும், பிரதேசத்துக்கு ஒரு அரசாங்க வைத்திய அதிகாரியும் ஏற்பட்டனர். டிஸ்பென்சரையே நம் மக்கள் 'டாக்டர் ஐயா' என்று அழைத்து வந்தனர்.

இன்னொரு முயற்சியும் குறிப்பிடத் தக்கது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் தாபனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினர். வெறுங்காலின் வழியே உடம்பில் நுழைந்து குடலிற் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு, தொழிலாளரைச் சோகை பிடித்தவர்களாக்கி வந்தது. மருந்து கொடுத்தவுடன் புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்துக்கு அத்தொழிலாளி திரும்பிச் சென்றதும், அதே மண்ணிலிருந்து அதே புழு மீண்டும் ஏறியது. மருந்து மட்டும் போதாது, மனிதன் வாழும் நிலையும் மாறவேண்டும் என்ற பாடத்தை மலைநாட்டு மண் அன்றே கற்பித்தது.

இவ்வாறு வந்த மருத்துவத்தினால் நன்மை விளையவில்லை என்று கூறமுடியாது. அம்மை குத்தப்பட்டது, வாந்திபேதி குறைந்தது, பிரசவத்தில் இறந்த தாய்மார் தொகையும் காலப்போக்கிற் குறைந்தது. எனினும் அதன் இயல்பு ஒன்றை நாம் மறத்தலாகாது. அது உழைப்பைக் காப்பதற்காக மேலிருந்து வந்த மருத்துவம். மண்டபம் முகாமில் கப்பலேறு முன்னரே தொழிலாளியைச் சில நாட்கள் தடுத்து வைத்துச் சோதித்தார்கள். தோட்டத்தில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் துரையின் துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. இன்னாருக்கு இன்ன நோய் என்பது துரைக்கும், கணக்கப்பிள்ளைக்கும், கங்காணிக்கும், மறுநாட் காலையிற் பெரட்டுக்களத்துக்கும் தெரிந்துவிடும். நோயாளியின் இரகசியம் என்ற ஒரு பொருள் அங்கே இருக்கவில்லை. காய்ச்சலுக்கும் கொளுக்கிப் புழுவுக்கும் இது பெருங்குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் மானத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு நோய் வரும்போது இதுவே முதற் குறையாகிவிடுகின்றது.

உலகத்தை உலுக்கிய ஒரு கிருமி

1981 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே நல்ல தேகபலம் பெற்றிருந்த ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒருவகை நுரையீரல் அழற்சி ஏற்பட்ட செய்தி வெளிவந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி முற்றாகக் குலைந்தவர்களுக்கே வரக்கூடிய நோய் அது. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே சினூசி அம்மையாரும் லுக் மொன்தாஞ்ஞேயும் அவர்களது குழுவினரும் இதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தனர். இதற்காக அவ்விருவருக்கும் 2008இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அக்கிருமியையே எச். ஐ. வி. என்கிறோம்.

இக்கிருமி உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுள் ஒருவகையைத் தாக்கிப் படிப்படியாக அழிக்கின்றது. காவற்காரன் வீழ்ந்த வீட்டிலே கள்வர் புகுவதுபோல, காசநோய் முதலிய பல நோய்கள் பின்னர் நுழைகின்றன. அந்நிலையே எய்ட்ஸ் எனப்படும். கிருமி புகுந்த பின்னும் பல ஆண்டுகள் மனிதன் நலமாகவே காணப்படுவான். உடலுறவு, நோய்க்கிருமி கலந்த இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து பிள்ளை என்பனவே இது பரவும் வழிகள். தொடுதலினாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதனாலோ, ஒரே பீலியில் நீராடுவதனாலோ, நுளம்பு கடிப்பதனாலோ இது பரவுவதில்லை. ஆயினும் மக்கள் அஞ்சினர். வைத்தியர்களிலும் அஞ்சியோர் இருந்தனர்.

சென்னையில் இரு பெண்கள்

இந்தியாவிலே இந்நோயை முதன்முதற் கண்டறிந்தது சென்னை மாநகரம் என்பது தமிழர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கண்டறிந்தவர்கள் இரு பெண்கள்.

ஒருவர் டாக்டர் சுனிதி சாலமன். சென்னையிலே தோல் வியாபாரம் செய்துவந்த கெய்தொண்டே குடும்பத்தில், மராத்தி வழிவந்தவராகப் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, இருதய சத்திரசிகிச்சை நிபுணரான விக்டர் சாலமன் அவர்களை மணந்தார். வெளிநாடுகளில் சில காலம் பணியாற்றி, 1973இல் தாயகம் திரும்பி, தாம் கற்ற கல்லூரியிலேயே நுண்ணுயிரியற் பேராசிரியையாக விளங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவ வெளியீடுகளில் எய்ட்ஸ் நோயைப் பற்றிப் படித்த அவருக்கு, இது இந்தியாவிலும் இருக்கக்கூடுமோ என்ற ஐயம் எழுந்தது.

மற்றவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. பட்டமேற்படிப்புக்கு ஆய்வுப் பொருள் தேடிக்கொண்டிருந்த 32 வயது நிரம்பிய இவ்வம்மையாரிடம், எய்ட்ஸ் கிருமியைத் தேடிப் பார்க்கும்படி பேராசிரியை கூறினார். "நம் நாட்டிலே அது எங்கே வரப்போகிறது?" என்ற எண்ணமே அன்று பலரிடமும் இருந்தது. சிறு பிள்ளைகள் இருவருக்குத் தாயான நிர்மலாவும் முதலில் தயங்கினார். கணவர் ஊக்கமளித்தார். சென்னை மயிலாப்பூரிலே பாலியல் தொழிலில் ஈடுபட்டமைக்காகப் பிடிக்கப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த விடுதிக்கு நிர்மலா சென்றார். கணவரே தமது ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுபோய் விட்டார். கையுறை முதலிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றியே, மூன்று மாத காலத்தில் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களிடமிருந்து இரத்தம் எடுக்கப்பட்டது.

அவ்விரத்தத்தைச் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 140 கிலோமீட்டர் அளவு தூரத்திலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலேயே அவ்வசதி இருந்தது. தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்த மாதிரிகளை, 1986 பெப்ரவரியில் ஒரு பனிக்கட்டிப் பெட்டியிலிட்டு, கணவருடன் இரவு இரயிலேறி வேலூருக்குக் கொண்டு சென்றார் நிர்மலா. அங்கே கிருமியியல் அறிஞர் ஜேக்கப் ஜான் அவர்களின் கூடத்திற் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. நம்ப முடியாமல் மீண்டும் சோதித்தனர். மீண்டும் அதே முடிவு. அப்பெண்களிடம் மறுபடியும் இரத்தம் பெற்று அமெரிக்காவிற் சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. 1986 மே மாதத்திலே தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டசபையில் இச்செய்தியை அறிவித்தார். நாடு திடுக்கிட்டது. சிலர் நம்ப மறுத்தனர். சிலர் சோதனையையே குறை கூறினர். நிர்மலா தமது ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அமைதியாகப் பணியாற்றி 2010இல் ஓய்வு பெற்றார்.

ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் அருகே

நுண்ணுயிரியல் நிபுணர் ஒருவர் கண்ணாடிக் குழாயோடு தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாம். சுனிதி அம்மையார் அவ்வாறு இருந்துவிடவில்லை. தாம் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்த ஒவ்வொரு முடிவுத்தாளுக்கும் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அவர் உணர்ந்தார். அம்மனிதர்களை ஆஸ்பத்திரிகள் ஏற்க மறுத்தன; சுற்றத்தார் வெளியேற்றினர். இந்நோயாளரிடையே பணிபுரிவதை அவர் கணவரும் முதலில் விரும்பவில்லை; அவர்களுடைய கதைகளைக் கேட்டால் இவ்வாறு சொல்லமாட்டீர்கள் என்று அம்மையார் எடுத்துரைத்ததாகக் கூறுவர். 1993இல் அரசாங்க உத்தியோகத்தை விட்டு விலகி, தம் தந்தையாரின் பெயரால் ஒய். ஆர். ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவினார். டாக்டர் ந. குமாரசாமி முதலிய இளம் வைத்தியர்கள் அவருடன் சேர்ந்தனர்.

அக்காலத்தில் இந்நோய்க்கென்று தனிப் படிப்போ பட்டமோ கிடையாது. நோயாளிகளே பாடநூல்கள். எந்தக் காய்ச்சல் எந்தக் கிருமியால் வருகிறது, வாயில் ஏற்படும் வெண்படலம் எதைக் காட்டுகிறது, காசநோயும் இந்நோயும் கூடும்போது எந்த மருந்தை முதலிற் கொடுப்பது என்பவற்றை அவர்கள் அனுபவத்தினாலேயே கற்று எழுதிவைத்தனர். அதே 1993இல் தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரியும் எய்ட்ஸ் நோயாளருக்குத் தன் கதவைத் திறந்தது. டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவிய அந்த ஆஸ்பத்திரியிலே, டாக்டர் செ. நெ. தெய்வநாயகம் போன்றோர் பிற இடங்களிலே திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஏற்றுக்கொண்டனர்.

1996 வரையில் இவ்வைத்தியர்கள் பெரும்பாலும் மரணத்துக்கு வழித்துணையாகவே நின்றார்கள். அவ்வாண்டிலேதான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாற் கிருமி அடங்கும் என்பது உறுதிப்பட்டது. ஆனால் அம்மருந்தின் விலை ஆண்டொன்றுக்கு ஒருவருக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல். மேனாட்டு நோயாளி பிழைத்தான். நம் நோயாளி மருந்தின் பெயரை மட்டும் அறிந்து இறந்தான். 2001இல் பம்பாயிலுள்ள சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத், நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைந்த விலையில் அம்மருந்துகளைத் தரமுடியும் என்று அறிவித்தார். 2004 ஏப்ரல் முதலாந் தேதி இந்திய அரசாங்கம் இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியபோது, தாம்பரமும் ஆரம்ப நிலையங்களுள் ஒன்றாயிற்று.

2011இல் வெளிவந்த மற்றொரு முடிவு இத்துறையையே மாற்றிவிட்டது. ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளிடையே ஒன்பது நாடுகளில் நடந்த ஆராய்ச்சி அது. சென்னையும் அதிற் பங்கு கொண்டது. உரிய காலத்தில் மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 96 வீதம் குறைகிறது என்பது தெரிந்தது. இரத்தத்தில் அளவிட முடியாத நிலைக்குக் கிருமி அடங்கியவரிடமிருந்து உடலுறவினாற் பிறருக்கு நோய் தொற்றுவதில்லை என்று பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. கிருமியுள்ளோர் தம்மைப் போன்றோரை மணந்து வாழ்வதற்கு வழிகாட்டி, திருமணப் பொருத்தமும் பார்த்துவைத்த சுனிதி அம்மையார் 2015 ஜூலையிற் காலமானார். 2017இல் இந்திய அரசாங்கம் அவர் நினைவாகப் பத்மஸ்ரீ விருதை வழங்கியது.

நம் இலங்கையில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டவர் ஒருவரிடம் இந்நோய் 1987இல் முதன்முறையாக அறியப்பட்டது. இலங்கையில் இதற்கெனப் புதியதொரு துறையை உண்டாக்காமல், மேகநோய்களைக் கவனித்து வந்த வைத்தியத் துறையிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கொழும்பு டி சேரம் பிளேசிலுள்ள மத்திய நிலையமும், பதுளை உட்பட மாவட்டங்களிலுள்ள கிளினிக்குகளும் இப்பணியைச் செய்து வருகின்றன. 2004 முதல் மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. நாட்டின் வயதுவந்தோரில் நோயுற்றோர் தொகை நூற்றுக்கு 0.1 வீதத்துக்கும் குறைவே. 2019இல், தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்நோயும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார தாபனம் அங்கீகரித்தது. மருந்தில்லாவிடில், நோயுள்ள தாய்மார் நூற்றுவருக்கு 15 முதல் 45 வரையிலான பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடும். மருந்தினால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. கர்ப்பிணிகளைத் தேடிச் சென்று இரத்தம் சோதிக்க அனுப்பிய மருத்துவ மாதர்களின் உழைப்பே இவ்வெற்றியின் அடிப்படை. அவர்களுள் தோட்டத்துப் படிகளில் மழையிலும் ஏறி இறங்கியோரும் அடங்குவர்.

இங்கு ஒரு வைத்தியரை நினைவுகூராதிருத்தல் தகாது. குழந்தை வைத்திய நிபுணரான டாக்டர் கமலிகா அபேரத்தின 1995இல் ஒரு விபத்தில் படுகாயமுற்று, அப்போது ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலம் இக்கிருமிக்கு ஆளானார். மறைத்து வாழ்வது அவருக்கு எளிது. ஆயினும் நாடறியத் தம் நோயை வெளியிட்டார். தாம் கற்பித்த வைத்தியத் தொழிலுக்குள்ளேயே புறக்கணிப்பு இருப்பதைத் தாமே அனுபவித்து, நோயுற்றோருக்காக வாதாடி, 2004இல் மறைந்தார். அவரும் அவர் கணவரும் தொடங்கிய இயக்கம் எத்தனையோ பேருக்குத் தலைநிமிரும் தைரியத்தைத் தந்தது. வைத்தியரே நோயாளியாகி நின்று கற்பித்த பாடம் அது.

லயத்துச் சுவரும் இரகசியமும்

நாட்டிலே நோயுற்றோர் தொகை சிறிதாயிருக்கையில் தோட்டத்து மக்கள் இதைப்பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் வினவலாம். தொகை சிறிது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நோயுற்ற ஒருவனுக்கு அவன் துன்பம் சிறிதாவதில்லை. அத்துடன் தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் செல்கின்றனர். பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்கின்றனர். பெயர்ந்து வாழும் மக்களை, அவர்களுடைய தனிமையிலும் அறியாமையிலும் பிடிப்பது இந்நோயின் இயல்பு. வெளிநாடு செல்வதற்கான சோதனையிலே திடீரென்று நோய் தெரியவரும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காரணம் சொல்லாமல் வீடு திரும்ப வேண்டும். வீடோ லயத்துக் காம்பிரா. ஒரு சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இரு குடும்பங்கள். மருந்துப் போத்தலை எங்கே மறைப்பது? மாதாமாதம் எங்கே போகிறாய் என்று அயலார் கேட்டால் என்ன சொல்வது? கிளினிக்குக்குப் போகும் நாளிற் பேர் கிடையாது. பஸ் கட்டணமும் கையிலிருந்து போகும்.

இவற்றை எல்லாம் கடந்து பதுளைக்கு வந்து சேர்ந்தாலும், வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிடின் நிலை என்ன? நடுவே ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டும். தலைவலியையும் வயிற்றுவலியையும் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லலாம். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே மட்டும் இருக்கவேண்டிய செய்தியை, அடுத்த தோட்டத்துக்காரர் ஒருவர் காது வழியாக எவ்வாறு சொல்வது? சொல்ல வெட்கிய பெண் மௌனமாகிறாள்; மௌனமானவள் மறுமாதம் வருவதில்லை; மருந்து நின்றால் அடங்கியிருந்த கிருமி எழுகின்றது. ஆகவே இந்நோயிலே மொழி என்பது மரியாதைக்குரிய விடயம் மட்டுமன்று. அது மருந்தின் ஒரு பகுதி.

இவ்விடத்திற் பழைய சரித்திரத்துக்கும் புதிய நோய்க்குமுள்ள வேறுபாடு தெளிவாகின்றது. அம்மை குத்துவதைச் சட்டத்தாற் செய்யலாம். மலசலகூடம் கட்டும்படி துரையை வற்புறுத்தலாம். ஆனால் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை விழுங்கும்படி எந்தச் சட்டமும் ஒருவரைப் பணிக்க முடியாது. அது நம்பிக்கையினால் மட்டும் நடக்கும் மருத்துவம். துண்டுச் சீட்டு இன்றி, எவர் சிபாரிசும் இன்றி, எவருக்கும் தெரியாமல், இலவசமாக அரசாங்கக் கிளினிக்குக்கு எவரும் செல்லலாம் என்பது இன்றைய நடைமுறை. நூறாண்டுக்கு முந்திய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரியதொரு மாற்றம். அந்தக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே நம் மக்களின் மொழியையும் வாழ்வையும் அறிந்தவர் அமர்ந்திருக்கிறாரா என்பதே இனி எழும் கேள்வி.

வைத்தியராகும் வழி

தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு இலங்கை என்றோ விடை கூறிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்கு வைத்தியம் போதித்து, மருத்துவ நூல்களைத் தமிழிலும் ஆக்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பேராதனையில் 1962இலும், யாழ்ப்பாணத்தில் 1978இலும் மருத்துவ பீடங்கள் ஏற்பட்டன. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்கு இக்கதவுகள் நெடுங்காலம் மூடியே கிடந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. அவற்றை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கல் 2003இன் சட்டம் வரை இழுபட்டது. ஆகவே தோட்டத்திலிருந்து வைத்தியர் குறைவாக வந்தனர் என்றால், அது பிள்ளைகளின் புத்திக் குறைவினால் அன்று.

இன்று பதுளை மாவட்டமும் மொனறாகலை மாவட்டமும் பல்கலைக்கழகப் பிரவேசத்திற் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய சலுகையைப் பெறுகின்றன. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் கற்றுத் தேறிய மாணவன் மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டு பயில வேண்டும். பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. எய்ட்ஸ் வைத்தியத்தில் நிபுணராக விரும்புவோர் அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சையிற் சித்தியெய்தி, பாலியல் நோய் மருத்துவத் துறையிற் பயிற்சி பெற்று, எம். டி. பட்டமும், வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்து நிபுணராகின்றனர். உயர்தரத்திலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. இத்துறையைத் தேர்பவரை, "இருதயம் இருக்க, மூளை இருக்க, இதையா படிக்கப் போகிறாய்?" என்று உறவினர் கேட்கக்கூடும். சுனிதி அம்மையார் வீட்டிலும் ஏறக்குறைய அக்கேள்வியே எழுந்தது. தனிப்பட்ட முறையிற் பெரும்பணம் ஈட்டித் தரும் துறையன்று இது. ஆயின், இறப்பான் என்று கைவிடப்பட்டவன் மருந்துண்டு எழுந்து, கொழுந்துக் கூடையோடும் குழந்தையோடும் வாழ்வதைக் காணும் பேறு இத்துறைக்கு நிறைய உண்டு.

நான்கு தூண்கள்

வள்ளுவப் பெருந்தகை மருந்தைப் பற்றிக் கூறுமிடத்து, நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நான்கையும் மருத்துவத்தின் பகுதிகளாகக் கொண்டார். இந்நோயின் வரலாறு அக்கருத்துக்கு நல்லதோர் உரை. நோயுற்றவர் இருக்கிறார். மருந்து இன்று இருக்கிறது. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும், அதுவும் இலவசம். வைத்தியர் ஓரளவு இருக்கின்றனர். அவர்களுள் நம் மொழி பேசுவோரின் தொகை பெருக வேண்டும். நான்காவது பகுதி எவரும் பட்டம் பெறாமலே ஆற்றக்கூடியது. அது நம் கையிலேயே இருக்கின்றது.

இளைஞர் சங்கங்கள் இங்கே செய்யக்கூடிய பணிகள் பல. இந்நோய் எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பதைத் தோட்டந்தோறும் எளிய தமிழிலே எடுத்துரைக்கலாம். நோயுற்ற குடும்பத்தின் மரண வீட்டுக்கும் மங்கல வீட்டுக்கும் தயங்காமற் செல்லலாம். பிறர் நோயைப் பற்றிய கதை காதில் விழுந்தால் அதை அங்கேயே புதைத்துவிடலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் வசதி இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்குப் பதுளையிலோ பண்டாரவளையிலோ தங்கிக் கற்க இடமும், நூலும், மாலை வகுப்பும் ஏற்படுத்தலாம். பெண் பிள்ளைகளுக்கு இவ்வுதவி முதலிற் சேரவேண்டும். ஏனெனில் ஒரு பெண் தன் துன்பத்தை மற்றொரு பெண்ணிடமே எளிதிற் சொல்வாள்.

சென்னையிலே ஒரு பேராசிரியை ஐயுற்றார். ஒரு மாணவி இரயிலேறினார். அதனால் ஒரு தேசம் விழித்துக்கொண்டது. அம்மாணவி பெரிய ஆராய்ச்சிசாலையிலிருந்து புறப்பட்டவர் அல்லர். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து புறப்பட்டவர். வசதிக் குறைவைக் காரணம் காட்டி நாம் ஓய்ந்திருக்க முடியாது. பதுளைக்கு இரயில் 1924இலேயே வந்துவிட்டது. அதிலேறி மருத்துவம் கற்கச் சென்று, அதே இரயிலில் திரும்பி வந்து, பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் நாமுனுகுலையிலிருந்தும் வரும் நம்மவரை, "வாங்க அம்மா, உட்காருங்க, என்னிடம் சொல்லுங்க" என்று தமிழில் அழைக்கும் வைத்தியர்கள் நம் இல்லங்களிலிருந்து தோன்றவேண்டும். அதற்கான முயற்சியை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.